துடைக்காமல் விட்ட மூலை

மோட்டார் தானாக ஓடியிருக்கிறது என்ற விஷயம் என்னிடம் திட்டாகத்தான் வந்து சேர்ந்தது.

“கடலையப் புடுங்கிக் காயப் போட்டுருக்கேன், இப்பப் போயி எதுக்கு மோட்டாரப் போட்ட? அம்புட்டும் நனஞ்சு கெடக்கு” என்று வண்டியை நிறுத்தியும் நிறுத்தாமலும் வாசலிலிருந்தே என் கணவர் சத்தம் போட்டார்.

“நான் போடலையே.”

“நீ போடலைன்னா? நான் டீக்கடையில ஒக்காந்திருக்கேன். ஒன் போனும் என் போனும்தான அதுல இருக்கு. வேற யாரு போடுவா?”

அவர் சொன்னது சரிதான். எங்கள் தோட்டத்து மோட்டாரை எங்கள் இரண்டு போன்களால் மட்டும்தான் ஓட வைக்க முடியும். அவருடையது சட்டைப் பையில் இருந்திருக்கிறது. என்னுடையது அடுப்படி மேடையில் சார்ஜில் கிடந்தது. நான் பக்கத்து அறையில் மடிக்கணினி முன்னால் உட்கார்ந்திருந்தேன். அவர் திட்டி முடித்துவிட்டுச் சோற்றுக்கு உட்கார்ந்துவிட்டார். எனக்குத்தான் அதை அப்படி விட முடியவில்லை. ஏனென்றால் போனில் சொன்னால் மோட்டாரை ஓட்டுகிற பெட்டி ஒன்று உண்டு, அதைச் செய்கிற கம்பெனியில்தான் நான் வேலை பார்க்கிறேன்.

திருவரங்குளத்திலிருந்து ஆலங்குடி போகிற ரோட்டில் உள்ளே தள்ளி இருக்கிறது எங்கள் ஊர். தோட்டத்துக்கு வரும் மும்முனைக் கரண்ட் எப்போது வரும், எப்போது போகும் என்று யாராலும் சொல்ல முடியாது. அதற்காகத்தான் இந்தப் பெட்டி. மோட்டார் கொட்டகையில் ஸ்டார்ட்டருக்குப் பக்கத்தில் டிபன் பாக்ஸ் அளவில் தொங்கும். போன் போட்டு ஓடச் சொன்னால், கரண்ட் ஒழுங்காக வரும்வரை காத்திருந்து ஓட்டும். நிறுத்தச் சொன்னால் நிறுத்தும். செய்ததைத் திரும்பப் போன் போட்டுச் சொல்லும். கோயம்புத்தூரில் ஒரு சின்னக் கம்பெனி இதைச் செய்கிறது. கல்யாணமாகி இங்கே வந்த பிறகும் வீட்டிலிருந்தே அவர்களுக்கு வேலை செய்கிறேன்.

பெட்டி பேசுகிற குரலும் என்னுடையதுதான். குரல் கொடுக்க வரவேண்டியவர் வராமல் போனதால், “நீங்களே பேசிடுங்க” என்று என்னைப் பிடித்து உட்கார வைத்துவிட்டார்கள். அதனால் எங்கள் ஊர் டீக்கடையில் யாருக்காவது போன் அடித்தால், “எடுய்யா, இவன் பொண்டாட்டி கூப்புடுது” என்று என் கணவரைக் காட்டிக் கேலி செய்வார்கள். அவருக்கு அதில் வெட்கமும் உண்டு, பெருமையும் உண்டு.

குரல் கொடுப்பது என் வேலை இல்லை. நான் பார்ப்பது கெர்னல். பெட்டிக்குள் இருக்கும் குட்டிக் கம்ப்யூட்டர் கரண்ட் வந்து கண் விழிக்கும்போது முதலில் எழுந்திருப்பது அதுதான். நினைவகத்தைச் சுத்தம் செய்து, யார் யாருக்கு எந்த இடம் என்று பிரித்துக் கொடுத்து, மற்ற நிரல்களை எழுப்பிவிடும். ஒழுங்காக இருக்கும்வரை அப்படி ஒன்று இருப்பதே யாருக்கும் தெரியாது. என் மாமியாருக்கு இன்றுவரை நான் என்ன வேலை பார்க்கிறேன் என்று தெரியாது. கேட்டால் “போன்ல மோட்டார் போடுது” என்பார். அதுவும் பெரிய தப்பில்லை.

அவர் சாப்பிட்டுக் கொண்டிருக்கும்போதே தோட்டத்துப் பெட்டி அனுப்பி வைத்த பதிவுகளைத் திறந்து பார்த்தேன். நடுப்பகலில் கரண்ட் போயிருக்கிறது. சிறிது நேரத்தில் வந்திருக்கிறது. வந்ததும் மோட்டார் ஓடியிருக்கிறது. காரணம்: போனில் வந்த கட்டளை. ஒவ்வொரு கட்டளைக்கும் பெட்டி ஒரு வரிசை எண் போடும். நடுப்பகல் கட்டளைக்கு இருந்த எண், அன்று விடிகாலையில் என் கணவர் போட்ட கட்டளையின் எண். விடிகாலையில் ஓடி, நின்று, முடிந்துபோன கட்டளை. அதை யாரும் திரும்பச் சொல்லவில்லை. பெட்டியே தனக்குத்தானே சொல்லிக்கொண்டிருக்கிறது.

நான் பயந்தாங்கொள்ளி. அதை ஒத்துக்கொள்வதில் எனக்கு வெட்கமில்லை. பல்லியைக் கண்டால் கட்டில்மேல் ஏறி நிற்பவள். ஆனால் அந்த எண்ணைப் பார்த்தபோது வந்தது வேறு பயம். கொட்டகையில் இருப்பது பெட்டியும் ஸ்டார்ட்டரும்தான், எங்கள் மோட்டார் வெட்டுக் கிணற்றின் உள்ளே, பாதி ஆழத்தில் கட்டிய மேடைமேல் இருக்கிறது. பழைய மோட்டார். அது சுழற்றுகிற இரும்புத் தண்டைச் சுற்றித் தண்ணீர் கசியாமல் இருக்க எண்ணெய்க் கயிற்றை வளையமாகச் சுற்றி அடைத்திருப்பார்கள். கயிறு தேய்ந்து கசிய ஆரம்பித்திருந்தது. மாற்ற வேண்டுமானால் ஒருவர் மேடையில் குத்துக்காலிட்டு உட்கார்ந்து, இரண்டு கையையும் தண்டைச் சுற்றி நுழைத்து, பழையதைக் கொக்கியால் பிடுங்கிப் புதியதைச் சுற்ற வேண்டும். வருகிற ஷட்டவுன் அன்று அதைச் செய்வதாக என் கணவர் கயிறு வாங்கி வைத்திருந்தார்.

வெளியூர்க்காரர்களுக்கு ஷட்டவுன் என்றால் மின்விசிறி ஓடாத நாள். எங்கள் பக்கம் அது கிணற்றில் இறங்குகிற நாள். மின்வாரியம் பராமரிப்புக்காகப் பகல் முழுவதும் கரண்டை நிறுத்துகிற அன்றைக்கு ஊரில் பாதிக் கிணறுகளில் ஆள் இருப்பார்கள். முன்பெல்லாம் அப்படியும் நம்பாமல், மெயின் சுவிட்சிலிருந்து பீஸ் கட்டைகளைப் பிடுங்கி மடியில் கட்டிக்கொண்டுதான் இறங்குவார்களாம். மேலே இருப்பவர் தெரியாமல் கைவைத்தாலும் ஒன்றும் ஆகாது. பெட்டி வந்த பிறகு அந்தப் பழக்கம் போய்விட்டது. போனில் நிறுத்தச் சொல்கிறார்கள், என் குரல் ‘நின்றுவிட்டது’ என்கிறது, இறங்கிவிடுகிறார்கள்.

“நான் என்னன்னு கண்டுபுடிக்கிற வரைக்கும் நீங்க பீஸ் கட்டையப் புடுங்காம எறங்கக் கூடாது” என்றேன்.

“சரி சரி.”

“சரி சரின்னா?”

“சரின்னா சரி. ரசத்த ஊத்து.”

மறுநாள் காலையில் கோயம்புத்தூருக்குத் தகவல் சொல்லி, மதியம் திரும்பப் பேசினேன். என் குழுவுக்குத் தலைவர் நல்ல மனிதர். நல்ல மனிதர்களிடம் இருக்கிற கஷ்டம், அவர்கள்மேல் எரிந்து விழ முடியாது.

“இங்க எல்லாப் பொட்டியையும் ஓட்டிப் பாத்துட்டனுங்க. ஒண்ணுமே வரலீங்க” என்றார். “ஒருவேளை வீட்டுல யாராச்சும் கைதவறி அழுத்தியிருப்பாங்களோ?”

“எங்க வீட்டுல யாரும் கைதவறி பழைய வரிசை எண்ண எழுத முடியாது சார்” என்றேன். எரிந்து விழ முடியாது என்று சொன்னேனே, அன்று விழுந்துவிட்டேன்.

என் மேசையிலும் ஒரு சோதனைப் பெட்டி இருந்தது. ஓடச் சொல்வேன், நிறுத்தச் சொல்வேன், சுவிட்சை அணைப்பேன், போடுவேன். பெட்டி சமர்த்தாக எழுந்து சும்மா உட்கார்ந்திருக்கும். மறுபடி அணைப்பேன், போடுவேன். சத்தத்தைக் கேட்டு என் மாமியார், “அந்தச் சுவிட்சு என்ன பாவம் பண்ணுச்சு?” என்று கேட்டுவிட்டுப் போனார். ஒவ்வொரு முறை போடும்போதும் அது தவறு செய்ய வேண்டும் என்று வேண்டிக்கொண்டேன். அது தவறு செய்யவே இல்லை. கண்முன்னால் வராத தவறைப் போலப் பயமுறுத்துவது வேறெதுவும் இல்லை. அது எங்கோ பதுங்கியிருக்கிறது, எனக்கு மட்டும் தெரிகிறது, யாரும் நம்பவில்லை.

சோதனையை விட்டுவிட்டு நிரலைப் படிக்க உட்கார்ந்தேன். கெர்னல் கண் விழித்தவுடன் செய்கிற முதல் வேலை, நினைவகம் முழுவதையும் பூஜ்யமாக்குவது. வகுப்புக்குள் வரும் வாத்தியார், முந்தைய வகுப்பில் எழுதியதையெல்லாம் துடைத்துவிட்டுத்தானே எழுத ஆரம்பிப்பார், அது மாதிரி. துடைக்க ஆரம்பிக்கும் இடமும் முடிக்கும் இடமும் நிரலில் எண்களாக எழுதியிருந்தன. ஆரம்பம் சரி. முடிவை நான் கையில் காகிதம் வைத்துக் கணக்குப் போட்டுப் பார்த்தேன். மறுபடி போட்டேன். பிறகு எழுந்துபோய் முகம் கழுவிக்கொண்டு வந்து மறுபடி போட்டேன்.

நான் வேலைக்குச் சேர்வதற்கு முன்னால், பெட்டிக்குள் இருந்த பழைய கம்ப்யூட்டர் சில்லு கிடைக்காமல் போனபோது, கொஞ்சம் பெரிய நினைவகம் உள்ள புதிய சில்லுக்கு மாறியிருக்கிறார்கள். கரும்பலகை பெரிதாகிவிட்டது. துடைக்கிறவருக்கு யாரும் அதைச் சொல்லவில்லை. அவர் பழைய அளவுக்கே துடைத்துவிட்டு நின்றுவிடுகிறார். மிச்சமிருக்கிற மூலையில்தான், பெரிய இடம் கிடைத்ததே என்று, ஓடச் சொல்லும் கட்டளைகளின் வரிசையைக் கொண்டுபோய் வைத்திருக்கிறார்கள். அந்தக் கட்டளையைச் செய்து முடித்தாயிற்று என்ற குறிப்பு இருந்ததோ துடைக்கப்படுகிற பகுதியில். அதாவது பெட்டி கண் விழிக்கும்போது ‘ஓடு’ என்று சொன்னது அதற்கு ஞாபகம் இருக்கும். ஓடி முடித்தது மறந்துபோயிருக்கும்.

சரி, நிறுத்தச் சொன்னதாவது ஞாபகம் இருக்காதா? இருக்காது. நிறுத்துகிற கட்டளை வரிசையில் காத்திருக்கக் கூடாது, வந்த கணமே நிறுத்த வேண்டும் என்று அதை வரிசையிலேயே வைக்கவில்லை. பாதுகாப்புக்காகச் செய்த ஏற்பாடு. அதைப் படித்தபோது எனக்கு அழுகை வந்தது.

தலைவருக்கு எல்லாவற்றையும் விளக்கினேன். பொறுமையாகக் கேட்டார்.

“நீங்க சொல்றது நியாயந்தானுங்க. அந்த முடிவு எண் தப்புத்தான், மாத்திரலாம். ஆனா ஒண்ணுங்க. கரண்ட் போனா, துடைக்காம விட்ட அந்த மூலையும் தானா அழிஞ்சு போயிருமில்லீங்க? அப்புறம் எப்படி ஞாபகம் இருக்கும்? அதனாலதான இங்க வரவே மாட்டேங்குது.”

அது உண்மைதான். மின்சாரம் இல்லாவிட்டால் அந்த நினைவகத்தில் எதுவும் கொஞ்ச நேரத்துக்குமேல் தங்காது. இது அல்லாமல் வேறு ஏதோ காரணம் இருக்க வேண்டும், அல்லது என் கணக்கில் ஓட்டை இருக்க வேண்டும். அன்று முழுவதும் அதையே நினைத்துக் கொண்டிருந்தேன். குழம்பில் உப்புப் போட்டேனா இல்லையா என்று தெரியாமல் இரண்டு தடவை போட்டு வைத்தேன். யாரும் குறை சொல்லாமல் சாப்பிட்டார்கள். என் முகம் அப்படி இருந்திருக்கும்.

அடுத்த நாள் ஷட்டவுன். சாயங்காலம்வரை கரண்ட் இருக்காது. மடிக்கணினியை அதன் பேட்டரியில் ஓட்டிக்கொண்டு, போனிலிருந்து இணையத்தைப் பிடித்துக்கொண்டு தலைவரோடு பேசிக் கொண்டிருந்தேன். என் மடிக்கணினி பழசு. பேட்டரி அரை உயிரில் இருக்கிறது. பேச்சு நடுவில் திரை மங்கி, பொட்டென்று கறுத்துவிட்டது. எரிச்சலோடு சார்ஜர் வயரை ஆட்டினேன், கரண்ட் இல்லாத நாளில் அதனால் என்ன லாபம் என்றுகூடத் தோன்றாமல். பிறகுதான், பாதி தட்டச்சு செய்த கடிதம் போச்சே என்று நினைத்தேன். இல்லை, போகாது, தூங்கத்தான் போயிருக்கிறது, பேட்டரியில் மிச்சமிருக்கிற சொட்டுக் கரண்டில் அது நினைவில் பத்திரமாக இருக்கும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

சொல்லிக்கொண்டவள் அப்படியே நின்றுவிட்டேன்.

தோட்டத்துப் பெட்டிக்குள்ளும் ஒரு சின்ன பேட்டரி உண்டு. கரண்ட் போய்விட்டது என்று சொல்வதற்காக வைத்தது. என் மேசைப் பெட்டியில் அது கிடையாது. கூரியரில் பேட்டரி வைத்து அனுப்ப விடமாட்டார்கள் என்று கழற்றிவிட்டுத்தான் அனுப்பினார்கள். கோயம்புத்தூரில் இருப்பவற்றிலோ எல்லாம் புத்தம் புது பேட்டரி. கரண்ட் போனாலும் பெட்டி தூங்கவே தூங்காது. எங்கள் கொட்டகைக்குத் தகரக் கூரை. அந்த வெயிலில் கோடைக்குக் கோடை வெந்து, அந்த பேட்டரி சாகவும் இல்லை, பிழைக்கவும் இல்லை. கம்ப்யூட்டரை விழித்திருக்க வைக்க அதற்குத் தெம்பில்லை. நினைவகத்தைப் பிடித்து வைத்திருக்க மட்டும் தெம்பிருக்கிறது. எத்தனை மணி நேரம் ஆனாலும் பிடித்து வைத்திருக்கும். கரண்ட் வந்ததும் கெர்னல் புதிதாகக் கண் விழிக்கும். பாதியைத் துடைக்கும். மூலையில் ‘ஓடு’ என்று எழுதியிருக்கும்.

தலைவருக்குப் போன் போட்டு, “சார், பேட்டரி சார்” என்று கத்தினேன். அவர் என்ன சொன்னார் என்று கேட்கவில்லை. என் கணவர் காலையிலேயே புதுக் கயிற்றை எடுத்துக்கொண்டு போய்விட்டது அப்போதுதான் உறைத்தது.

அவருக்குப் போன் போட்டேன். எடுக்கவில்லை. கிணற்றுக்குள் சிக்னல் கிடைக்காது. அவருடைய தம்பிக்குப் போட்டேன், அடித்துக்கொண்டே இருந்தது. வாசலில் கிடந்த ஸ்கூட்டியை எடுத்தேன். செருப்புப் போடவில்லை. ஷட்டவுன் அன்று வேலை சீக்கிரம் முடிந்தால் கரண்டும் சீக்கிரம் வந்துவிடும். நடுவில் சோதித்துப் பார்ப்பதற்காகக் கொஞ்சம் விட்டும் எடுப்பார்கள். வழியெல்லாம் தைலமரக் காடு. வழக்கமாகக் காற்றுக்கு இரைந்துகொண்டே இருக்கும், அன்று அந்த இரைச்சல் ஒவ்வொன்றும் எங்கோ மோட்டார் ஓட ஆரம்பித்த மாதிரியே கேட்டது. வண்டியை நிறுத்தி நிறுத்திக் காது கொடுத்தேன். நிறுத்தாமல் போயிருந்தால் இன்னும் சீக்கிரம் போயிருப்பேன் என்றுகூடத் தோன்றவில்லை.

கொழுந்தன் கிணற்று மேட்டில், கீழே விட்டிருந்த வாளிக் கயிற்றைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

“பீஸ் கட்டை எங்க தம்பி?”

“அது அங்கிட்டு மெயின்லதான இருக்கும். ஷட்டவுன்தான மதினி, சாயங்காலந்தான் வரும்.”

“காலையில மோட்டார் ஓட்டுனீங்களா?”

“ஆமா. கரண்ட் போறதுக்கு முன்னால கசிவு எங்கிட்டு வருதுன்னு ஓட்டிப் பாத்தோம். அப்பறம் அண்ணன் போன்ல நிறுத்திப்புட்டுத்தான் எறங்குச்சு. என்ன மதினி, எதுக்குச் செருப்புக்கூடப் போடாம வந்துருக்கீங்க?”

கொட்டகைக்குள் ஓடி மெயினைக் கீழே தள்ளினேன். பிறகு கிணற்றின் விளிம்புக்கு வந்து குனிந்து பார்த்தேன். மேடையில் அவர் குத்துக்காலிட்டு உட்கார்ந்திருந்தார். இரண்டு கையும் முழங்கைவரை மோட்டாருக்கும் பம்புக்கும் நடுவில். நான் என்ன கத்தினேன் என்று எனக்கு நினைவில்லை. வார்த்தையாக ஒன்றும் வரவில்லை என்று கொழுந்தன் பிறகு சொன்னார்.

அவர் ஏறி வந்து என்னை வாங்கு வாங்கென்று வாங்கினார். “நீ கத்துன கத்துல உள்ள விழுந்துருப்பேன். மோட்டார் கொல்லலைன்னாலும் நீ கொன்னுருப்ப.” நான் மூச்சு வாங்கிக்கொண்டே பேட்டரியையும் மூலையையும் சொன்னேன். அவருக்குப் பாதி புரிந்தது. மீதியை நம்பவில்லை. நான் செய்த பெட்டியை நானே குறை சொல்வது அவருக்குப் பிடிக்கவில்லை என்றுதான் நினைக்கிறேன்.

“சரி, ஒன் பொட்டி என்னதான் செய்யுதுன்னு பாத்துருவோம்” என்றார். ஸ்டார்ட்டரிலிருந்து மோட்டாருக்குப் போகிற வயர்களையெல்லாம் கழற்றி ஓரமாக மடக்கிக் கட்டினார். இனி கரண்ட் வந்தாலும் பெட்டிக்கும் ஸ்டார்ட்டருக்கும்தான் வரும், மோட்டாருக்குப் போகாது. பிறகு மெயினைத் திரும்ப மேலே தூக்கிவிட்டார். போனை என் கையில் கொடுத்தார். வேலை பாதியில் நிற்கிறதென்று மறுபடி இறங்கிவிட்டார். வயர் இல்லை என்று தெரிந்தும் எனக்கு அவரைத் தடுக்க வேண்டும் போல இருந்தது. தடுத்தால் இன்னும் திட்டுவார் என்று சும்மா இருந்தேன்.

சொன்ன நேரத்துக்கு வெகு முன்னாலேயே, வெயில் உச்சியில் இருக்கும்போதே, கரண்ட் வந்தது.

கொட்டகைக்குள் ஸ்டார்ட்டர் ‘டம்’ என்று அடித்து ஒட்டிக்கொண்டது. யாரும் தொடவில்லை. கொழுந்தன் எழுந்து நின்றுவிட்டார். கிணற்றுக்குள் கொக்கியால் சுரண்டுகிற சத்தம் நின்றது.

“யாருடா ஸ்டார்ட்டரத் தொட்டது?” என்று கீழேயிருந்து கேட்டார்.

கொழுந்தன்தான், “யாரும் தொடலண்ணே” என்றார். அதற்குள் என் கையிலிருந்த அவருடைய போன் அடித்தது. கொழுந்தன் வாங்கி, தோட்டத்தில் எப்போதும் செய்கிற மாதிரி ஸ்பீக்கரில் போட்டுவிட்டார்.

“வணக்கம். உங்கள் மோட்டார் இப்போது ஓடத் தொடங்கிவிட்டது. நன்றி.”

என் குரல். சிரித்த முகத்தோடு பேசச் சொல்லியிருந்தார்கள், அப்படியே பேசியிருந்தேன். அந்தக் குரல் கிணற்றுக்குள் இறங்கி, சுவரில் மோதி, இன்னொரு தடவை ‘நன்றி’ என்றது. அவர் அண்ணாந்து என்னைப் பார்த்தார். கை இரண்டும் தண்டைச் சுற்றியே இருந்தன. எடுக்க மறந்துவிட்டார். பிறகு மெதுவாக எடுத்து, மடியில் வைத்துக்கொண்டு, அவற்றையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். நான் கிணற்று மேட்டில் உட்கார்ந்து வாய்விட்டு அழுதேன்.

மேலே வந்தபின் அவர் திட்டவில்லை. தண்ணீர் குடித்தார். அன்று மிச்ச வேலையைச் செய்யவில்லை.

வீட்டுக்கு வந்து திருத்தியது ஒரே ஒரு வரி. துடைக்க வேண்டிய முடிவை எண்ணாக எழுதாமல், ‘இந்தச் சில்லில் எவ்வளவு நினைவகம் இருக்கிறதோ அதுவரை’ என்று சில்லையே கேட்டுத் தெரிந்துகொள்ளச் செய்தேன். தோட்டத்துப் பெட்டியின் அரை உயிர் பேட்டரியைக் கழற்றி வந்து மேசைப் பெட்டியில் பொருத்தினேன். பழைய கெர்னலில் ஒவ்வொரு முறையும் தானாக ஓடச் சொன்னது. புதியதில் ஒரு முறைகூட இல்லை. அதைப் படம் பிடித்து அனுப்பியதும் தலைவர் கூப்பிட்டார். “எத்தனை கெணறுங்க...” என்று ஆரம்பித்துவிட்டு நிறுத்திக்கொண்டார். பெட்டி வைத்திருக்கும் எல்லாருக்கும் உடனே போனில் எச்சரிக்கை போக வேண்டும் என்றேன். ஒப்புக்கொண்டார். ‘தொழில்நுட்ப மேம்பாடு’ என்று ஆரம்பிக்கிற வாசகம் ஒன்றைக் கம்பெனியின் மேலிடத்திலிருந்து அனுப்பினார்கள். அதை ஒதுக்கிவிட்டு, ‘நீங்கள் சொல்லாமலே மோட்டார் ஓடக்கூடும். பீஸ் கட்டையைப் பிடுங்காமல் கிணற்றில் இறங்காதீர்கள்’ என்று பேசிப் பதிவு செய்தேன். இந்த முறை சிரித்த முகத்தோடு பேச வரவில்லை. பெட்டிகளையெல்லாம் ஊர் ஊராகப் போய்ச் சரிசெய்ய ஆள் அனுப்பினார்கள். எல்லாம் முடிந்தது என்று எழுதிக் கொடுக்கச் சொன்னபோது எழுதிக் கொடுத்தேன். சோதித்தாயிற்று, சரியாக இருக்கிறது, என் பெயர்.

கயிறு பாதியில் நின்றதால் கசிவு நிற்கவில்லை. அடுத்த ஷட்டவுன் வந்தது. காலையில் என் கணவர் கேட்டார், “சரியாயிருச்சுல்ல?”

“சரியாயிருச்சு” என்றேன். கம்பெனிக்கு எழுதிக் கொடுக்க முடிந்த அதே சொல்தான். அவரிடம் சொல்லிவிட்டு, அவர் கையிலிருந்த கயிற்றைப் பிடித்துக்கொண்டேன். அவர் என்னையே பார்த்தார். பிறகு ஸ்கூட்டிச் சாவியை எடுத்து என்னிடம் நீட்டினார். நான் கம்பெனிக்கு லீவு சொல்லிவிட்டு அவரோடு போனேன்.

பீஸ் கட்டைகளைப் பிடுங்கினோம். வயர்களைக் கழற்றினோம். அதுவும் போதாதென்று அவர் பெட்டியையே சுவரிலிருந்து கழற்றித் தரையில் வைத்தார். “இதுக்கு மேல கழட்டணும்னா கொட்டகையத்தான் கழட்டணும்” என்று கொழுந்தன் சொன்னார். என் கணவர் இறங்கினார். நான் கொட்டகைக்குள் போய், கீழே தள்ளி வைத்திருந்த மெயினின் கைப்பிடியை அழுத்திப் பிடித்துக்கொண்டு நின்றேன். அதைப் பிடித்துக்கொண்டிருப்பதில் அர்த்தமே இல்லை. வெறும் இரும்பு. ஆனாலும் விட முடியவில்லை.

கீழே கொக்கி சுரண்டுகிற சத்தம் கேட்க ஆரம்பித்தது. கொஞ்ச நேரத்தில் நின்றது. வேலை செய்யும்போது அவர் வாயைத் திறக்கிற ஆளே இல்லை.

“ஏய், இருக்கியா?” என்று கிணற்றுக்குள்ளிருந்து குரல் வந்தது.

“இருக்கேங்க.”

சுரண்டல் மறுபடி தொடங்கியது. மறுபடி நின்றது.

“இருக்கியா?”

“இங்கிட்டுத்தான் நிக்கிறேன்.”

அவர் ஏறி வரும்வரை கேட்டுக்கொண்டே இருந்தார்.